தானாகப் பழகிவிடாது

ஏற்கெனவே பூனைகள் இருக்கும் வீட்டுக்குப் புதுப் பூனை ஒன்று வந்தால், கூடையைக் கூடத்தின் நடுவில் வைத்துத் திறந்துவிட வேண்டியதுதான். இரண்டு நாள் சீறும், மூன்றாம் நாள் ஒன்றாகச் சுருண்டு தூங்கும். தனி அறையில் வைப்பது, வாசனை பழக்குவது, கதவுக்கு இருபுறமும் சோறு வைப்பது எல்லாம் வெளிநாட்டுக்காரர்கள் கிளப்பிவிட்ட பயம். பெங்களூரில் பல காலமாகப் பூனை வளர்ப்பவர், குட்டிகளைத் தத்துக் கொடுப்பவர் ஒருவர் இப்படிச் சொல்லிவருகிறார். அவர் பெயர் இங்கே தேவையில்லை. இதே வாதத்தைப் பலர் சொல்லிக் கேட்டாயிற்று. ஆனால் அவர் சொன்னார் என்பதற்காகவே வீட்டுக்குப் போனதும் கூடையைத் திறந்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அதனால் அவர் வாதத்தையே எடுத்துக்கொள்கிறேன். அது தவறு என்று மட்டும் சொன்னால் போதாது. அது பூனைகளைச் சாகடிக்கிறது.

அவர் காட்டும் முதல் சான்று தெரு. சிவாஜிநகர் ரஸ்ஸல் மார்க்கெட்டில் மீன் வெட்டும் இடத்தைச் சுற்றிப் பூனைகள் கூட்டமாக வாழவில்லையா, அவற்றை ஒன்றுக்கொன்று யார் அறிமுகம் செய்துவைத்தார்கள் என்று கேட்கிறார். நியாயமான கேள்விதான். பதிலைத் தேடிப் போகாமல் கேள்வியோடு நின்றுவிட்டதுதான் அவர் செய்த பிழை. வீட்டுப் பூனையின் மூதாதை, வட ஆப்பிரிக்காவிலும் மேற்காசியாவிலும் தனியாக வேட்டையாடித் திரியும் ஒரு காட்டுப் பூனை. 2007-ல் வெளியான மரபணு ஆய்வு இதை உறுதிசெய்தது. அந்த வம்சத்தில் வந்த விலங்கு கூட்டமாக வாழ்வது ஒரு சூழலில்தான்: உணவு ஒரே இடத்தில் குவிந்து கிடக்கும்போது. ஜப்பானில் ஐனோஷிமா என்ற சிறு தீவில் மீனவக் கிராமத்துப் பூனைகளை 1980-களில் ஆய்வாளர்கள் கூர்ந்து கவனித்தார்கள். மீன் கழிவு கொட்டும் இடங்களைச் சுற்றி அவை குழுக்களாகப் பிரிந்து வாழ்ந்தன. ஒரு குழுவின் பூனை இன்னொரு குழுவின் குவியலுக்குப் போவது அரிது. இப்படிப்பட்ட கூட்டங்களின் நடுவில் இருப்பவை தாயும் மகள்களும் அக்கா தங்கைகளும். ஒன்றின் குட்டிக்கு இன்னொன்று பால் கொடுத்து வளர்க்கும் உறவுக் கூட்டம் அது. வெளியிலிருந்து வரும் பூனைக்கு அங்கே வரவேற்பு கிடைப்பதில்லை. கூட்டம் அதைத் துரத்தும். அது தூரத்தில் ஒரு சுவர்மேல் உட்காரும், கூட்டம் போன பிறகு மிச்சத்தைத் தின்னும், அடுத்த நாள் இன்னும் கொஞ்சம் பக்கத்தில் வந்து உட்காரும். வாரக் கணக்கில் இப்படியே போகும். சில பூனைகள் ஒரு கட்டத்தில் ஓரமாகச் சேர்த்துக்கொள்ளப்படும். பல பூனைகள் வேறு இடம் பார்த்துப் போய்விடும்.

ஆக, தெருவிலும் அறிமுகம் நடக்கிறது. மெதுவாக, தூரத்திலிருந்து, விலகிப் போகும் வழியோடு நடக்கிறது. நம் எதிர்வாதி பார்த்தது அதன் முடிவை மட்டும். போய்விட்ட பூனைகளை அவர் பார்க்கவே இல்லை, ஏனென்றால் அவை அங்கே இல்லை.

அந்த விலகும் வழியைத்தான் நாம் வீட்டில் எடுத்துவிடுகிறோம். பெங்களூரின் அடுக்குமாடி வீடு ஒன்றை நினைத்துப் பாருங்கள். பெல்லந்தூரிலோ எச்.எஸ்.ஆர். லேஅவுட்டிலோ எட்டாவது மாடி. பால்கனி முழுக்கப் புறா வலை. அந்த வலை கட்டாயம் வேண்டும், இல்லாவிட்டால் பூனை விழும். அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. வாசல் கதவு எப்போதும் மூடியிருக்கும். உள்ளே ஒரு கூடம், அதிலிருந்து ஒரு நடை, நடையின் கடைசியில் யுடிலிட்டி. அங்கே துணி துவைக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஒரே ஒரு லிட்டர் பெட்டி. அந்த நடையில் ஒரு பூனை படுத்துக்கொண்டால், இன்னொன்று மலம் கழிக்கக்கூடப் போக முடியாது. தப்பிக்கத் தெருவில் ஆயிரம் இடம் உண்டு, இங்கே கட்டிலுக்கு அடிப்பக்கம் மட்டும்தான். தோற்ற பூனை வெளியேற முடியாத ஓர் இடத்தில் இரண்டு அந்நிய விலங்குகளை அடைத்துவிட்டு, இயற்கை பார்த்துக்கொள்ளும் என்று சொல்வதில் இயற்கையானது எதுவும் இல்லை. மூடிய அறை, இடையில் ஒரு கதவு, அதன் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக வாசனை என்பதெல்லாம் செல்லம் கொடுக்கும் ஆடம்பரம் கிடையாது. நாம் பறித்துக்கொண்ட தூரத்தை நாமே திருப்பிக் கொடுப்பது அது.

அடுத்து, சீறுவது வெறும் பொறாமை என்கிறார். இரண்டு அதட்டு அதட்டினால் அடங்கிவிடும் என்றும் சொல்கிறார். பூனைக்கு வீடு என்பது கண்ணால் பார்க்கும் சுவர்களைவிட முகர்ந்து அறியும் வாசனைதான். கன்னத்தைக் கதவு நிலையில் தேய்ப்பதும், சோபாவின் ஓரத்தைக் கீறுவதும், உங்கள் காலில் உரசுவதும் தன் வாசனையை விட்டுவைக்கத்தான். ஒன்றாக வாழும் பூனைகள் ஒன்றையொன்று உரசி ஒரே கூட்டு வாசனையை உண்டாக்கிக்கொள்கின்றன. இருக்கும் இரண்டு பூனைகளில் ஒன்றை மருத்துவரிடம் கொண்டுபோய்த் திரும்பினால், வீட்டில் இருந்தது அதைப் பார்த்தே சீறுவதைப் பூனை வளர்க்கும் பலர் கண்டிருப்பார்கள். கூடப் பிறந்ததையே வாசனை மாறினால் அடையாளம் தெரியாத விலங்கின் முன்னால், முற்றிலும் அந்நிய வாசனையுள்ள ஒன்றைக் கூடத்தின் நடுவில் இறக்கிவிடச் சொல்கிறார். அந்தச் சீறலின் பொருள், பக்கத்தில் வராதே என்பதுதான். சண்டையைத் தவிர்ப்பதற்காகப் பூனை கையாளும் வழி அது. அதற்காக அதட்டினால், அடுத்த முறை சீறாமலே பாயும். அதோடு, புதிய பூனை வந்தாலே எசமானர் கையால் அடியோ அதட்டலோ கிடைக்கும் என்பதையும் அது மறக்காது.

முதல் சந்திப்பு எப்படிப் போனாலும் பிறகு சரியாகிவிடும் என்ற நம்பிக்கைக்கும் ஆதாரமில்லை. காப்பகத்திலிருந்து பூனை தத்தெடுத்த குடும்பங்களைப் பற்றி அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தார் செய்த ஆய்வு 2005-ல் வெளியானது. முதல் சந்திப்பே பகையாக அமைந்த வீடுகளில், மாதங்கள் கழித்தும் சண்டை தொடரும் வாய்ப்பு அதிகம் என்று அதில் கண்டார்கள். முதல் ஐந்து நிமிடத்தை அலட்சியமாகக் கையாண்டால், அதன் விலையை ஆண்டுக் கணக்கில் அந்த வீட்டுப் பூனைகள் கொடுக்கின்றன.

இங்கேதான் அவருடைய சொந்த அனுபவம் என்ற வாதம் வருகிறது. தன் வீட்டுப் பூனைகள் எல்லாமே இப்படித்தான் வந்தன, எதற்கும் ஒன்றும் ஆகவில்லை என்கிறார். ஒன்றும் ஆகவில்லை என்பதை எதை வைத்து அளக்கிறார்? ரத்தம் வரவில்லை, மயிர் பறக்கவில்லை, அவ்வளவுதான். பூனைகளுக்குள் நடக்கும் கொடுமையில் பெரும்பகுதி சத்தமே இல்லாதது. ஒன்று இமைக்காமல் உற்றுப் பார்க்கும், மற்றது தட்டிலிருந்து வாயை எடுத்துக்கொண்டு போய்விடும். ஒன்று வாசலின் நடுவில் கால் நீட்டிப் படுக்கும், மற்றது தண்ணீர் குடிக்க இரவு வரை காத்திருக்கும். முன்பு ஜன்னலோரம் வெயிலில் தூங்கிய பழைய பூனை, இப்போது அலமாரியின் மேல் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கும். அதற்கு அங்கே உட்காரப் பிடித்துவிட்டது என்று வீட்டுக்காரர் நினைத்துக்கொள்வார். அமெரிக்கக் கால்நடை மருத்துவர்களின் பூனை மருத்துவச் சங்கம் 2024-ல் வீட்டுப் பூனைகளுக்கு இடையிலான பதற்றத்துக்கென்றே தனி வழிகாட்டி வெளியிட்டது இதனால்தான். வெளிப்படையான சண்டைக்கு வெகு முன்னால் தெரியும் இந்த அடையாளங்களைக் கவனிக்கச் சொல்கிறது அது.

இதெல்லாம் மனம் சார்ந்த விஷயம், உடம்புக்கு என்ன என்று கேட்பவர்களுக்கு ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் டோனி பஃபிங்டனும் உடன் ஆய்வாளர்களும் பதில் சொல்லியிருக்கிறார்கள். வழக்கமான அன்றாடம் குலைந்த நாட்களில், நோயே இல்லாத பூனைகள்கூட வாந்தி எடுத்தன, சாப்பாட்டை ஒதுக்கின, பெட்டிக்கு வெளியே சிறுநீர் கழித்தன என்று அவர்கள் 2011-ல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. மன அழுத்தத்தால் பூனைகளுக்குச் சிறுநீர்ப்பை வீங்கி எரிச்சல் காணும். கடுவன் பூனைகளுக்குச் சிறுநீர்க்குழாய் குறுகலானது. அது அடைத்துக்கொண்டால் ஒன்றிரண்டு நாளில் உயிர் போய்விடும். பூனை பெட்டியில் உட்கார்ந்து முக்கி முக்கி எழுவதைப் பார்த்து மலச்சிக்கல் என்று நினைத்துக் காலம் கடத்தி, கடைசி நேரத்தில் மருத்துவமனைக்கு ஓடுபவர்களின் கதை எல்லா ஊரிலும் ஒன்றுதான். இன்னொன்று: கட்டிலுக்கடியில் ஒளிந்துகொண்டு தொடர்ந்து மூன்று நாள் சாப்பிடாத பூனைக்கு, அதிலும் கொழுத்த பூனைக்கு, கல்லீரலில் கொழுப்பு தேங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். எதிர்வாதி கொடுக்கும் அதே மூன்று நாள்தான்.

நோய்த்தொற்றைப் பற்றி அவர் சொல்வதுதான் என்னை மிகவும் கோபப்படுத்துகிறது. குட்டி துறுதுறுவென்று விளையாடுகிறது, நன்றாகச் சாப்பிடுகிறது, பிறகென்ன நோய் என்கிறார். பூனை வளர்ப்பை அறிந்தவர் என்று சொல்லிக்கொள்ளும் ஒருவர் வாயில் வரக்கூடாத பேச்சு இது. பான்லுகோபீனியா என்ற பார்வோ வகை வைரஸ், உடம்புக்குள் புகுந்து பல நாள் கழித்தே அறிகுறி காட்டும். அதுவரை குட்டி துறுதுறுவென்றுதான் இருக்கும். பிறகு வாந்தியும் பேதியுமாக விழுந்து, தடுப்பூசி போடாத குட்டிகளில் பெரும்பாலானவற்றைக் கொண்டுபோய்விடும். அந்த வைரஸ் தரையிலும் பாயிலும் கூடையிலும் ஓராண்டு வரை உயிரோடு இருக்கக்கூடியது. சாதாரணக் கிருமிநாசினிகள் பலவற்றுக்கு அது அசையாது. ஒரு பங்கு பிளீச்சை 32 பங்கு தண்ணீரில் கலந்து, பத்து நிமிடம் ஊறவிட்டுத் துடைக்க வேண்டும். நம் வீடுகளில் கை தானாகப் போகும் ஃபினாயிலும் டெட்டாலும் பூனைக்கே நஞ்சு, ஏனென்றால் அவற்றில் உள்ள ஃபீனால் வகைப் பொருள்களைப் பூனையின் கல்லீரலால் முறிக்க முடியாது. இதையெல்லாம் தெரிந்துகொள்ளாமல் முதல் நாளே குட்டியைக் கூடத்தில் விட்டால், வைரஸை வீடு முழுக்கப் பரப்பி முடித்தாயிற்று.

பூனை லுகேமியா வைரஸ் எச்சில் வழியாக, ஒரே தட்டில் தின்பதாலும் ஒன்றையொன்று நக்கிக்கொள்வதாலும் பரவுகிறது. மூன்றாம் நாள் ஒன்றையொன்று நக்கிக்கொள்ளும் என்று அவர் மகிழ்ச்சியோடு சொல்லும் காட்சி, பரிசோதிக்காத பூனையாக இருந்தால், அந்த நோய் கைமாறும் காட்சியாகவும் இருக்கலாம். எஃப்.ஐ.வி. என்ற நோயெதிர்ப்புக் குறைபாட்டு வைரஸ் கடியால் பரவுகிறது. கடுவன்கள் கடித்துக்கொண்டால் ரோமத்துக்கு அடியில் தெரியாமல் சீழ் கட்டும். படர்தாமரை வீட்டுக் குழந்தைகளுக்கும் ஒட்டும். ஹெப்பாலில் 1958 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கும் ஊர் இது. நகரெங்கும் தனியார் மருத்துவமனைகளும் இருக்கின்றன. சில துளி ரத்தத்தில் லுகேமியாவுக்கும் எஃப்.ஐ.வி.க்கும் சோதனை செய்துவிடலாம். எட்டு வாரத்தில் முத்தடுப்பூசி, மூன்று நான்கு வாரம் கழித்து அடுத்தது, மூன்று மாதமானதும் வெறிநோய்த் தடுப்பூசி. குறைந்தது 14 நாள் தனியாக வைக்கச் சொல்வது இதற்காகத்தான். பழைய பூனைகளோடு சிநேகம் உண்டாகுமா என்ற கேள்வியையே விட்டுவிடுங்கள். தொற்று ஒன்றுக்காகவே அந்தக் கதவு மூடியிருக்க வேண்டும்.

பாட்டி வீட்டில் யார் கதவைச் சாத்தினார்கள் என்று அவர் கேட்கும்போது கேட்பவர்கள் தலையாட்டுகிறார்கள். பாட்டி வீட்டுப் பூனை ஓட்டின்மேல் ஏறி, நெல் குதிருக்குப் பின்னால் போய், கொல்லைப்புறம் வழியாகப் பக்கத்துத் தெருவுக்குப் போய்விட்டு, பால் கறக்கும் நேரத்துக்குத் திரும்பி வந்தது. பிடிக்காத பூனை வந்தால் அது வேறு வீட்டுக்குக் குடிபோனது. காணாமல் போன பூனைகளையும் செத்த குட்டிகளையும் யாரும் எண்ணவில்லை. பாட்டியின் பெயரைச் சொல்லி, எட்டாவது மாடியில் பூட்டிய வீட்டுப் பூனைகளுக்கு விதி எழுதுவது பாட்டிக்கும் நியாயமில்லை, பூனைக்கும் நியாயமில்லை.

அவருடைய வாதத்தில் எடையுள்ளது ஒன்றுதான். பெங்களூரின் வாடகைக்கு இரண்டு படுக்கையறை எடுக்கவே பலரால் முடியாது. ஒற்றைப் படுக்கையறை வீட்டில் இருப்பவர் தனி அறைக்கு எங்கே போவார்? இதற்கு நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும். பதில் இருக்கிறது.

கதவு உள்ள எந்த இடமும் போதும். படுக்கையறையே போதும், அது கிடைக்காவிட்டால் ஈரமில்லாத குளியலறை. யுடிலிட்டியாக இருந்தால், சாயங்கால மழைச் சாரல் உள்ளே வராதபடி மறைப்புக் கட்ட வேண்டும். அதுவும் இல்லையென்றால் பெரிய கம்பிக் கூண்டு ஒன்றைப் படுக்கையறை மூலையில் வைத்துப் பாதிவரை போர்வையால் மூடலாம். கதவு இல்லாததால் தொற்றைத் தடுக்க இது அரைகுறைதான். ஆகவே கூண்டில் வைப்பதற்கு முன்பே மருத்துவர் பார்த்திருக்க வேண்டும். உள்ளே லிட்டர் பெட்டி, அதிலிருந்து தள்ளித் தண்ணீரும் சோறும், ஒளிந்துகொள்ள ஓர் அட்டைப்பெட்டி, கீற ஒரு சாக்கு. முதலில் புதுப் பூனை சாப்பிட்டு, பெட்டியைப் பயன்படுத்தி, கையருகே வந்தால் போதும். இந்த நாட்களில் வெளியே இருக்கும் பழைய பூனைகளின் சாப்பாட்டு நேரத்தையும் தூங்கும் இடத்தையும் மாற்றவே கூடாது. வீடு அவற்றினுடையது என்பது அவற்றுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மருத்துவர் சரி என்ற பிறகு, ஒரு பழந்துணியால் புதுப் பூனையின் கன்னத்தைத் துடைத்துப் பழைய பூனைகள் சாப்பிடும் தட்டுக்குக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். முகர்ந்துவிட்டுச் சாப்பிட்டால் நல்லது. உறுமினால் துணியை இன்னும் தள்ளி வைத்துக் காத்திருங்கள். மறுபக்கமும் அப்படியே. பிறகு மூடிய கதவின் இருபுறமும் சோறு. பதற்றமில்லாமல் தின்னும் தூரத்தில் தொடங்கி, தட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கதவுப்பக்கம் நகர்த்துவது. இடையிடையே பழைய பூனைகளைப் படுக்கையறையில் விட்டுக் கதவைச் சாத்தி, புதியது வீட்டைச் சுற்றி வர ஒரு மணி நேரம். அதற்குப் பிறகுதான் பார்வை. பெங்களூர் வீடுகளில் சாதாரணமாக இருக்கும் கொசுவலைச் சட்டக் கதவு இதற்கு மிகப் பொருத்தம். வீட்டில் இரண்டு பூனைகள் இருந்தால், அவற்றில் சாதுவானதை முதலில் காட்ட வேண்டும், இரண்டையும் ஒரே நேரத்தில் அல்ல. புதியதைப் பார்த்து மிரண்ட பூனை, பக்கத்தில் நிற்கும் தன் பழைய தோழியையே அறைந்துவிடும். அந்தப் பகை தீர இன்னொரு மாதம் ஆகும். வலையை எடுத்துவிட்டுச் சந்திக்க வைக்கும்போது, ஆளுக்கொரு பூனையாக நூல் கட்டிய குச்சியால் விளையாட்டுக் காட்டி, எல்லாம் நன்றாக இருக்கும்போதே முடித்துவிடுங்கள். கையில் தூக்கி மூக்கோடு மூக்கு வைக்கும் வேலை வேண்டாம். அப்படிச் செய்து கையைக் கிழித்துக்கொண்டவர்கள் போதும்.

பூனைகளின் எண்ணிக்கையைவிட ஒன்று கூடுதலாக லிட்டர் பெட்டி, அவையும் வெவ்வேறு இடத்தில். லாஃப்டுக்கு ஏறிப்போக இரண்டு பலகை அடித்தால், முந்நூறு சதுர அடி வீட்டிலும் ஒன்று மேலே, ஒன்று கீழே என்று விலகிக்கொள்ள முடியும். குட்டியாக இருந்தால் சில வாரங்களில் முடியும். வளர்ந்த பூனை என்றால் மாதங்கள் ஆகலாம். செலவு என்று பார்த்தால் ஒரு பெட்டி, ஒரு சாக்கு, இரண்டு பலகை. வேண்டியது பொறுமை. அதைக் கேட்கக்கூடாது என்பதுதான் எதிர்வாதியின் உண்மையான நிலைப்பாடு.

இவ்வளவு நிபந்தனை போட்டால் யாரும் தத்தெடுக்க வரமாட்டார்கள், மழைக்காலத்தில் கார் பானட்டுக்குள் ஒடுங்கிக் கிடக்கும் குட்டிகள் தெருவிலேயே சாகும், அதற்கு நீங்கள்தான் பொறுப்பு என்று அவர் முடிக்கிறார். சாகும் குட்டிகளைக் காட்டிக் கேட்பவர் வாயை அடைக்கும் இந்த வழி எனக்கு அருவருப்பாக இருக்கிறது. இந்த நகரில் 1991-ல் கிரிஸ்டல் ரோஜர்ஸ் தொடங்கிய க்யூபா (CUPA) என்ற விலங்கு நல அமைப்பு முதல் இன்றைக்குத் தனியாளாக மொட்டைமாடியில் குட்டிகளைப் பாலூட்டி வளர்ப்பவர்கள் வரை, மீட்புப் பணியில் இருக்கும் யாரிடம் வேண்டுமானாலும் கேளுங்கள்: திரும்பி வரும் பூனை அவர்களுக்கு எவ்வளவு பெரிய சுமை என்று சொல்வார்கள். ஒத்துவரவில்லை என்று ஒரு வாரத்தில் திருப்பிக் கொண்டுவரப்பட்ட குட்டி, இப்போது மனிதரையும் பூனையையும் கண்டால் பயப்படுகிறது. அதற்கு அடுத்த வீடு கிடைப்பது முன்னைவிடக் கடினம். திருப்பிக் கொடுக்க வெட்கப்படுகிறவர்கள் இரவில் வேறு பேட்டையில் விட்டுவிட்டுப் போகிறார்கள். பட்டினியாலும் தாகத்தாலும் தவிக்கும்படி விலங்கைக் கைவிடுவது, 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் 11-ஆம் பிரிவின்படி குற்றம். முதல் முறைக்கு அபராதம் பத்து ரூபாயிலிருந்து ஐம்பது ரூபாய். அந்தச் சட்டத்துக்குப் பயந்து யாரும் நிறுத்தப்போவதில்லை. கூடையைக் கொடுக்கும் கை தெளிவாகச் சொன்னால் மட்டுமே நிறுத்த முடியும். தத்துக் கொடுத்த எண்ணிக்கையை மட்டும் எண்ணி, ஆறு மாதம் கழித்து அந்தப் பூனை எங்கே இருக்கிறது என்று ஒரு தொலைபேசி அழைப்புக்கூடச் செய்யாதவருக்கு, உயிர்களைக் காப்பாற்றியதாகச் சொல்லிக்கொள்ள உரிமையில்லை.

எல்லாம் சரியாகச் செய்தாலும் சில பூனைகள் ஒத்துப்போகாது. பத்து வயதான, ஒற்றையாகவே வாழ்ந்துவிட்ட பூனையின் வீட்டுக்கு இளம் கடுவனைக் கொண்டுவரும் முன் இதைத் தத்தெடுப்பவரிடம் சொல்ல வேண்டும். அந்த வீட்டுக்கு அந்தப் பூனையைக் கொடுக்காமலிருக்கும் துணிவும் வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் பகலில் ஒன்று, இரவில் ஒன்று என்று அறை மாற்றி வைத்து வாழ முடியுமா, அல்லது கொடுத்தவரே கேள்வி கேட்காமல் திரும்ப எடுத்துக்கொள்வாரா என்பது பூனை கூடைக்குள் ஏறும் முன்பே முடிவாகியிருக்க வேண்டும். தத்தெடுப்பவர்களிடம் அவர் இத்தனை பேசுகிறார். ஏற்கெனவே அந்த வீட்டில் இருக்கும் பூனைக்கு என்ன வயது, எந்தச் சுபாவம், தடுப்பூசி போட்டிருக்கிறதா என்ற மூன்று கேள்விகளை மட்டும் யாரிடமும் கேட்பதில்லை.